கரிசல் காட்டுக்குப் புதுக் கணக்குப்பிள்ளை!

காலையில் இட்லித் தட்டை இறக்கும்போது, "ஆகா, இன்றைக்குப் பூப்போல வந்திருக்கிறது!" என்று நாம் சந்தோஷப்படுகிறோமே, அந்தப் பெருமையில் பாதிதான் நம் கைக்குச் சேரும். மீதிப் பாதி உளுந்துக்கு. அந்த உளுந்து எங்கே விளைகிறது என்று நம்மில் எத்தனை பேர் விசாரித்திருக்கிறோம்? மளிகைக் கடையில்தான் விளைகிறது என்று என் சின்னப் பெண் வெகு காலம் நினைத்துக்கொண்டிருந்தாள். அவளை மட்டும் குற்றம் சொல்வானேன்? அவள் அம்மாவும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தாள்!

சென்ற கார்த்திகையில் உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்காகத் தூத்துக்குடி போயிருந்தேன். கல்யாணம் முடிந்த மறுநாள், வ.உ.சி. பிறந்த வீட்டைப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஓட்டப்பிடாரம் பஸ் ஏறினேன். ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் இரு பக்கமும் ஒரே கறுப்பு. மண் என்றால் மண், மை மாதிரி! அந்தக் கறுப்பின் மேல் கண்ணுக்கு எட்டிய வரை பச்சைக் கம்பளம். உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம், நடுநடுவே பருத்தி. ஆறு இல்லை, வாய்க்கால் இல்லை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வானம் கொடுப்பதுதான். 'மானம் பார்த்த பூமி' என்று இந்தச் சீமைக்காரர்கள் சொல்வதற்கு அர்த்தம் அன்றைக்குத்தான் புரிந்தது.

எனக்குப் பக்கத்து ஆசனத்தில் ஒரு பெரியம்மாள். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். மடியில் மஞ்சள் பை. அவளுக்கு அந்தப் பக்கம் காலேஜில் படிக்கும் பேத்தி. பேத்தியின் கையில் செல்போன். அதில் ஓர் இலையின் படம். இலையில் ஒரு புழு.

"ஊருக்கு எப்போது வந்தாலும் ஆச்சி இதைத்தான் அக்கா எடுக்கச் சொல்கிறாள். மக்காச்சோளத்தில் புழு விழுந்துவிட்டதாம். படத்தை அனுப்பினால், என்ன புழு, என்ன மருந்து என்று போனே சொல்லும்" என்றாள் பேத்தி.

"போனில் பேசுகிறது யார்? விவசாய ஆபீஸரா?"

"ஆபீஸர் இல்லை. செயற்கை அறிவு."

ஆச்சி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "ஆளு இல்லை தாயி. ஆளு மாதிரி ஒண்ணு!"

இந்த ஆள் மாதிரி ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மருமகளும் மாவுப் பதமும்

'செயற்கை அறிவு' என்றதும் பயப்பட வேண்டாம். நம் வீட்டு உதாரணமே போதும். புதிதாக வந்த மருமகளுக்கு மாமியார் மாவுப் பதம் கற்றுக்கொடுப்பது எப்படி? "இத்தனை அவுன்ஸ் தண்ணீர், இத்தனை நிமிஷம்" என்று எழுதியா கொடுக்கிறாள்? இல்லை. "இது கெட்டி, இது நீர்த்துவிட்டது, இதுதான் பதம்" என்று தினந்தோறும் காட்டுகிறாள். நூறு தடவை பார்த்தபின், மருமகள் கரண்டியை விட்டுத் தூக்கிய மாத்திரத்தில் சொல்லிவிடுகிறாள்.

யந்திரமும் அப்படித்தான் கற்றுக்கொள்கிறது. "இது புழு தின்ற இலை, இது நல்ல இலை" என்று ஆயிரக்கணக்கான படங்களை அதற்குக் காட்டுகிறார்கள். பிறகு புதுப் படம் ஒன்றைக் கொடுத்தால், பார்த்த படங்களில் எதன் ஜாடை இதில் இருக்கிறது என்று கணக்குப் போட்டுச் சொல்கிறது. மாமியார் காட்டாத பதம் மருமகளுக்குத் தெரியாது. அதே போல, காட்டாத படம் யந்திரத்துக்குத் தெரியாது. வாசகிகள் இந்த ஒரு விஷயத்தை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் கதை முழுவதும் இதைச் சுற்றித்தான்.

கரிசல் காட்டில் இந்தப் புழு விஷயம் சாமானியமானதல்ல. அமெரிக்கக் கண்டத்துப் படைப்புழு 2018-ம் ஆண்டு முதன் முதலாக நம் தேசத்தில், கர்நாடகத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அதே ஆண்டு தமிழ்நாட்டு மக்காச்சோளத்திலும் புகுந்தது. "ஒரு வாரம் ஊருக்குப் போயிட்டு வந்தேன். வந்து பார்த்தா குருத்தையே காணோம்" என்றாள் ஆச்சி. புழுவை நாலு நாள் முன்னதாக அடையாளம் கண்டால் வெள்ளாமை மிஞ்சும். 2018-ல் தமிழக சர்க்கார் தொடங்கிய 'உழவன்' செயலியில் பிற்பாடு இந்தப் படம் பார்த்துச் சொல்லும் வசதியைச் சேர்த்தது இதற்காகத்தான்.

கண் டாக்டரும் யானைக் காவலும்

சர்க்கார் காரியங்களில் இந்த யந்திரப் புத்தி எங்கெங்கே நுழைந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டால் ஆச்சரியமாக இருக்கும். நம் மாநில மின் ஆளுமை முகமை, செல்போனில் கண்ணைப் படம் பிடித்தால் புரை விழுந்திருக்கிறதா என்று சொல்லும் 'ஈ-பார்வை' என்னும் செயலியைச் செய்தது. கண் டாக்டர் இல்லாத கிராமத்தில் நர்ஸ் அம்மாளே முதல் பரிசோதனையைச் செய்துவிடலாம்.

மத்திய சர்க்கார் விவசாயிகளுக்கு வருஷம் 6,000 ரூபாயை மூன்று தவணையாகக் கொடுக்கும் திட்டம் இருக்கிறதல்லவா? "என் தவணை ஏன் வரவில்லை?" என்று வாயால் கேட்டால் பதில் சொல்லும் 'கிசான் ஈ-மித்ரா' 2023 செப்டம்பரில் வந்தது. அதற்குத் தெரிந்த பாஷைகளில் தமிழும் ஒன்று.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது கோயம்புத்தூர்ப் பக்கத்து மதுக்கரை விஷயம். அங்கே ரயில் பாதையைக் கடக்கும் யானைகள் அடிபட்டுச் செத்துக்கொண்டிருந்தன. 2024 பிப்ரவரியில் பாதை ஓரமாகக் கோபுரங்கள் நிறுத்தி, இருட்டிலும் பார்க்கும் காமிராக்களைப் பொருத்தினார்கள். யானை பாதைப் பக்கம் வந்தால் யந்திரம் கண்டுகொண்டு வனத்துறைக்கும் ரயில்வேக்கும் உடனே செய்தி அனுப்பும். ரயில் வேகம் குறையும். அதற்குப் பின் யானைகள் ஆயிரக்கணக்கான முறை அந்தப் பாதையைப் பத்திரமாகக் கடந்திருக்கின்றன.

இதே 2024 பிப்ரவரியில்தான் தமிழக சர்க்கார் தன் பட்ஜெட்டில் செயற்கை அறிவுக்கென்றே ஓர் இயக்கம் அமைக்கப்போவதாக அறிவித்தது. ஆக, புதுக் கணக்குப்பிள்ளை வேலையில் சேர்ந்துவிட்டான். இனி அவனிடம் எந்தக் கணக்கை ஒப்படைப்பது, எதை ஒப்படைக்கக் கூடாது என்பதுதான் கேள்வி.

நாலு வயலும் ஓர் ஆகாய விமர்சகரும்

புழுவை யந்திரம் தப்பாகச் சொன்னால் ஒரு டின் மருந்து வீண். ஆனால் நஷ்ட ஈட்டை அது தப்பாகச் சொன்னால் ஒரு வருஷச் சோறு வீண். கரிசல் சம்சாரிகளுக்கு (விவசாயிகளை இங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள்) பெரிய கவலை பயிர் இன்ஷ்யூரன்ஸ்தான்.

2016-ல் வந்த பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், தானியம், பயறு வகைகளுக்குக் காப்பீட்டுத் தொகையில் காரிஃப் பருவமானால் நூற்றுக்கு 2 ரூபாயும் ராபி பருவமானால் ஒன்றரை ரூபாயும் விவசாயி கட்டுகிறார். மீதிப் பிரீமியத்தை மத்திய, மாநில சர்க்கார்கள் போடுகின்றன. விளைச்சல் குறைந்ததா என்று எப்படித் தீர்மானிப்பது? கிராமத்தில் நாலு வயல்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சிறு சதுரத்தை அளந்து, அதில் உள்ளதை மட்டும் அறுத்து எடை போடுவார்கள். 'பயிர் அறுவடைப் பரிசோதனை' என்று பெயர். அந்த நாலு சதுரம்தான் ஊர் முழுவதற்கும் பஞ்சாயத்துத் தீர்ப்பு.

"எந்த நாலு வயல்ங்கிறதுலதான் தாயி சூட்சுமம்" என்றாள் ஆச்சி. வாஸ்தவம். ஆள் போதாது, காலத்தில் அறுக்க முடியாது, ஒரே ஊரில் மேட்டு நிலம் காயும், பள்ள நிலம் விளையும். ஈட்டுத் தொகை வந்து சேர மாதங்கள் ஆகும்.

இதற்குத்தான் ஆகாயத்திலிருந்து ஒரு விமர்சகரைக் கொண்டுவந்திருக்கிறார்கள். நல்ல இலை, கண்ணுக்குத் தெரியாத ஒரு வகை ஒளியை அதிகமாகத் திருப்பி அனுப்பும். வாடின இலை குறைவாக அனுப்பும். செயற்கைக் கோள் இதைப் படம் பிடிக்கிறது. மழை, வெயில் கணக்கையும் சேர்த்து, இத்தனை கிலோ விளைந்திருக்கும் என்று யந்திரம் மதிப்பிடுகிறது. 2023 காரிஃப் பருவத்திலிருந்து நெல்லுக்கும் கோதுமைக்கும் இந்த மதிப்பீட்டுக்குக் குறைந்தது 30 சதவிகிதம் இடம் கொடுக்க வேண்டும் என்று மத்திய சர்க்கார் முறை வகுத்தது. அடுத்த ஆண்டு சோயா மொச்சையும் சேர்ந்தது.

உளுந்துக்கும் ஒரு நாள் முறை வரும். வரட்டும், நல்லதுதான். ஆனால் கரிசல் காடு தஞ்சாவூர் வயல் அல்லவே! தஞ்சாவூரில் பார்த்த இடமெல்லாம் ஒரே நெல். இங்கே ஒரு புஞ்சையில் உளுந்தும் பருத்தியும் சேர்ந்து நிற்கும். வரப்பில் ஆமணக்கு நிற்கும். களை எடுக்காவிட்டால் களையும் பச்சையாகவே நிற்கும். பயிர் வளரும் ஐப்பசி, கார்த்திகையில் வானமெல்லாம் மேகம். மேகத்தைத் துளைத்துப் பார்க்கும் ராடார் கோள்கள் உண்டு. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் அவற்றைக் கொண்டு பல வருஷங்களாக நெல் பரப்பை அளந்து வந்திருக்கிறார்கள். ஆனால் நெல்லுக்குக் கற்ற பாடத்தை உளுந்துக்கு ஒப்பிக்க முடியாது.

இன்னொரு சங்கடமும் உண்டு. 2021 ஜனவரியில், நெற்று முற்றி அறுக்க வேண்டிய நேரத்தில் பருவம் தப்பி மழை கொட்டியது. தூத்துக்குடி ஜில்லாவில் உளுந்தும் பாசியும் செடியிலேயே முளைத்துப் போயின. "செடி நின்னுச்சு தாயி. கூடவே நெத்தும் நின்னுச்சு. உரிச்சுப் பார்த்தா உள்ளே முளை!" என்று ஆச்சி உள்ளங்கையை விரித்துக் காட்டினாள், அன்றைக்கு உரித்த நெற்று இன்னும் கையில் இருப்பதைப் போல. ஆகாயத்திலிருந்து பார்ப்பவருக்குச் செடி தெரியும். நெற்றுக்குள் இருக்கும் முளை தெரியாது. அதற்குக் கீழே ஓர் ஆள் வந்து உரித்துப் பார்த்தாக வேண்டும்.

கர்ணத்துக்கு வீடு இருந்தது

"பழைய கர்ணம் காலத்தைவிட இது தேவலையா, ஆச்சி?" என்று கேட்டேன்.

நம் மாநிலத்தில் 1980 வரையில் கிராமக் கணக்கு பரம்பரைக் கர்ணங்களின் கையில் இருந்தது. அந்த ஆண்டு அந்த உத்தியோகத்தை எடுத்துவிட்டு, கிராம நிர்வாக அதிகாரிகளை நியமித்தார்கள். எந்த சர்வே நம்பரில் என்ன பயிர் என்று எழுதும் 'அடங்கல்' மட்டும் அப்படியே தொடர்ந்தது. 2024-ல் அதையும் செல்போன் வழியாக, வயலில் நின்று படமெடுத்துப் பதியும் பயிர்க் கணக்கெடுப்பு வந்தது. வேளாண்மைக் கல்லூரி மாணவர்களைக்கூட அந்த வேலைக்கு அனுப்பினார்கள்.

ஆச்சி சற்று யோசித்தாள். "கர்ணம் செஞ்ச அநியாயமும் உண்டு. இல்லேங்கலை. ஆனா அவுக வீட்டு வாசல்ல போய் நின்னு நாலு வார்த்தை கேக்கலாம். கோவப்பட்டாலும் பதில் சொல்லுவாக. இதுக்கு வீடு எங்கே இருக்கு தாயி?"

நான் வாயடைத்துப் போனேன். பெரிய பெரிய நிபுணர்கள் தடித்த அறிக்கைகளில் எழுதும் விஷயத்தை அவள் ஒரே கேள்வியில் கேட்டுவிட்டாள்.

உலகத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் வைத்துக்கொள்ளாத சர்க்கார்கள் பட்ட அவஸ்தை கொஞ்சமல்ல. ஹாலந்து தேசத்தில் குழந்தை வளர்ப்பு உதவித் தொகை வாங்கிய பெற்றோரில் மோசடிக்காரர் யார் என்று கண்டுபிடிக்கக் கணக்கு யந்திரத்தை வைத்தார்கள். அது வேறு நாட்டுப் பிரஜா உரிமையும் உள்ளவர்களைச் சந்தேகக் கண்ணோடு பார்த்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாங்கின பணத்தை எல்லாம் திருப்பிக் கட்டச் சொல்லப்பட்டுக் கடனாளி ஆயின. 2021 ஜனவரியில் மந்திரி சபையே ராஜினாமாச் செய்தது. ஆஸ்திரேலியாவில் 2015 முதல் 2019 வரை, வருஷ வருமானத்தை இரண்டிரண்டு வாரங்களுக்குச் சமமாகப் பங்கு போட்டுப் பார்த்து, "நீ அதிகம் வாங்கிவிட்டாய்" என்று ஏழைகளுக்கு யந்திரம் கடன் நோட்டீஸ் அனுப்பியது. ஒரு மாதம் வேலை, மறு மாதம் பட்டினி என்று இருப்பவர்களுக்குச் சராசரி எப்படிப் பொருந்தும்? 2023-ல் விசாரணைக் கமிஷன் அந்தத் திட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தது.

நம் நாட்டுக் கதையும் உண்டு. தெலங்கானாவில் லட்சக்கணக்கான ரேஷன் கார்டுகள் கம்ப்யூட்டர் கணக்கால் ரத்தாகின. வீட்டுக்குப் போய் நேரில் பார்த்து மறு பரிசோதனை செய்ய வேண்டும் என்று 2022-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. அதே ஆண்டு ஹரியானாவில் 102 வயதுத் தாத்தா ஒருவர் சர்க்கார் பதிவில் 'காலமாகிவிட்டார்', பென்ஷன் நின்றது. தாத்தா என்ன செய்தார் தெரியுமா? மாப்பிள்ளைக் கோலத்தில், நோட்டு மாலை போட்டுக்கொண்டு, ரதத்தில் ஏறி மேள தாளத்தோடு ஊர்வலம் வந்தார், "நான் உயிரோடு இருக்கிறேன்!" என்று காட்ட. ஊர் சிரித்தது, பென்ஷனும் திரும்ப வந்தது. இது யந்திரப் புத்தியின் தவறுகூட அல்ல, பதிவேட்டின் தவறு. ஆனால் பதிவேட்டைத்தானே யந்திரம் படிக்கிறது?

மேல் முறையீடு என்னும் வாசல்

இந்த ஆபத்தை நம் மாநிலம் அறியாமல் இல்லை. 2020 செப்டம்பரிலேயே 'பாதுகாப்பான, அறநெறி சார்ந்த செயற்கை அறிவுக் கொள்கை' என்று ஒன்றைத் தமிழக சர்க்கார் வெளியிட்டது. பொது ஜனங்கள் மீது ஒரு யந்திரத்தை ஏவுமுன், அது எல்லா வகை மக்களுக்கும் நியாயமாக நடக்குமா, அந்தரங்கத்தைக் காக்குமா, தணிக்கைக்கு உட்படுமா என்று மார்க் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம்.

வாசலுக்கு ஓர் உதாரணம் நமக்கெல்லாம் தெரிந்ததே. 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைக்கு ஒன்றரைக் கோடிக்கு மேல் மனுக்கள் வந்தன. நிலம், மின்சார உபயோகம், கார் முதலிய பல பதிவேடுகளோடு ஒப்பிட்டுச் சலித்தார்கள். தள்ளப்பட்டவர்களுக்குக் காரணம் சொல்லிச் செய்தி அனுப்பி, 30 நாளைக்குள் கோட்டாட்சியரிடம் மேல் முறையீடு செய்யலாம் என்றும் சொன்னார்கள். யந்திரம் 'இல்லை' என்றால், பெயரும் நாற்காலியும் உள்ள ஒரு மனிதரிடம் போய் 'ஏன்?' என்று கேட்கும் வழி அது. ஆச்சி கேட்ட வீடு என்பது இதுதான்.

பட்டாவில் பெண் பெயர்

இவ்வளவு பேசியபின்தான் ஆச்சி மஞ்சள் பையை அவிழ்த்தாள். உள்ளே மடித்து மடித்து நைந்த காகிதம். நாலு ஏக்கர் புஞ்சைப் பட்டா. புருஷன் பெயரில் இருக்கிறது. அவர் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது.

உழுவது ஆச்சி, விதைப்பது, களை எடுப்பது, நெற்றுப் பறிப்பது எல்லாம் ஆச்சி. ஆனால் யந்திரம் படிக்கும் ஏட்டில் அப்படி ஒரு சம்சாரியே கிடையாது! 2025-ல் விவசாயிகளுக்குத் தனி எண் கொடுக்கத் தொடங்கினார்கள். பட்டாவில் பெயர் இருப்பவருக்குத்தான் அந்த எண். ஹரியானாத் தாத்தா உயிரோடு இருந்தும் ஏட்டில் இறந்தவர். ஆச்சியோ ஏட்டில் பிறக்கவே இல்லை.

இது ஓட்டப்பிடாரத்து ஆச்சி ஒருத்தியின் கதை அல்ல. பூர்வீகச் சொத்தில் பெண் மக்களுக்குச் சம உரிமை தமிழ்நாட்டில் 1989-லேயே வந்துவிட்டது; தேச முழுவதற்கும் 2005-ல் வந்தது. ஆனாலும் பட்டணத்தில் இருக்கும் நம்மிலேயே எத்தனை பேர் வீட்டுப் பத்திரத்தை விரித்துப் பார்த்திருக்கிறோம்? ஆதாரில் ஒரு எழுத்து, பாங்குப் புத்தகத்தில் ஓர் எழுத்து, ரேஷன் கார்டில் இன்னோர் எழுத்து என்று ஒரே பெயரை மூன்று விதமாக வைத்துக்கொண்டிருக்கிறோம். பழைய குமாஸ்தா, "ஓகோ, ரெண்டும் ஒரே அம்மாள்தான்" என்று விட்டுவிடுவார். புதுக் கணக்குப்பிள்ளை, இரண்டு அம்மாள் என்றே எடுத்துக்கொள்வான். ஆகவே ஒரு சாயங்காலம் சீரியல் பார்க்கும் நேரத்தை ஒதுக்கி, காகிதங்களை எல்லாம் பரப்பி வைத்துச் சரி பாருங்கள். எந்தச் சலுகையாவது தள்ளுபடியானால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 2005-ம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் அதற்குக் கைகொடுக்கும்.

பஸ் ஓட்டப்பிடாரம் வந்து நின்றது. வ.உ.சி. பிறந்த வீடு இன்று நினைவு இல்லமாக இருக்கிறது. 1872-ல் இங்கே பிறந்து, இந்த ஊர்க் கோர்ட்டிலேயே வக்கீலாக ஏழைகளுக்காக வாதாடியவர் அவர். கப்பல் விட்ட கதை நமக்கெல்லாம் தெரியும். இந்த வக்கீல் கதையை அவ்வளவாகப் பேசுவதில்லை. கொஞ்ச தூரத்தில் பாஞ்சாலங்குறிச்சி. எங்கோ உட்கார்ந்து எழுதிய கிஸ்திக் கணக்கை எதிர்த்துக் கட்டபொம்மன் கேள்வி கேட்ட ஊர். கணக்கு எழுதுகிறவனிடம் நேருக்கு நேர் கேள்வி கேட்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

நினைவு இல்லத்து நிழலில் உட்கார்ந்து, ஆச்சியின் மனுவை நானும் பேத்தியுமாக எழுதினோம். புருஷனின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ஆதார் நகல் எல்லாம் பையிலேயே இருந்தன. கேட்க ஆள் இல்லாமல் இத்தனை நாள் பையிலேயே இருந்தன. பிரியும்போது ஆச்சி என் முந்தானையில் இரண்டு கை உளுந்தை அள்ளிப் போட்டாள். கறுப்புத் தோலோடு, மண் வாசனையோடு.

போன வாரம் பேத்தி டெலிபோன் செய்தாள். "அக்கா, பட்டா மாற்ற மனு பதிவாகிவிட்டது. போனில் நம்பர் வந்திருக்கிறது!"

"ஆச்சிக்குச் சந்தோஷம்தானே? அவளிடம் போனைக் கொடு."

ஆச்சியின் குரல் வந்தது.

"நம்பர் வந்திருச்சு தாயி. ஆளு எப்ப வருவாக?"